பனிக்கட்டி உவமையை விடுங்கள்: பங்கில் மூவொரு இறைவனை வாழ்வது எப்படி

தூய ஆவியார் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு மூவொரு இறைவன் பெருவிழா. தந்தை, மகன், தூய ஆவியார் மூவரும் ஒரே கடவுள் என்ற நம் நம்பிக்கையின் விழா. 1334-இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் இதை உலகத் திருச்சபை முழுவதற்குமான விழாவாக ஆக்கினார். அன்றைய மறையுரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். புனித அகுஸ்தீனார் கடற்கரையில் நடப்பார். ஒரு சிறுவன் சிப்பியில் கடல்நீரை மொண்டு குழிக்குள் ஊற்றிக்கொண்டிருப்பான். "இது முடியாதே தம்பி" என்பார். "நீங்கள் யோசிப்பதும் முடியாது ஐயா" என்பான் அவன். மறைபொருள், ஆமென், அப்புறம் அறிவிப்புகள்.

அகுஸ்தீனார் அந்தக் கதையை எங்கும் எழுதவில்லை, அது பிற்காலத்தில் கிளம்பியது. அது கிடக்கட்டும். எனக்குள்ள குறை வேறு. புரியாத விஷயம், நமக்கெதற்கு என்று அந்தக் கதை நம்மை நிம்மதியாக மட்டன் கடைக்கு அனுப்பிவிடுகிறது.

நான் பெங்களூரில் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவள் (ஒரு கோயிலையும் அதன் மக்களையும் சேர்த்துத்தான் பங்கு என்போம்). தையல் கடை வைத்திருந்தேன், இப்போது மகள் பார்த்துக்கொள்கிறாள். பங்கில் வழிபாட்டுக் குழுவுக்குப் பட்டியல் போடுவது, ஓர் அன்பியத்தை (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடுகளில் கூடிச் செபிக்கும் சிறு குழு) நடத்துவது, உறுதிபூசுதல் வகுப்புப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவது என்று பொழுது போகிறது. எங்கள் கோயிலில் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஞாயிறு திருப்பலி உண்டு. இறையியல் படிக்காமல், ஆனால் பங்கில் ஏதாவது ஒரு பொறுப்பு தலையில் விழுந்து, "மூவொரு இறைவனை வாழ்ந்து காட்டுங்கள்" என்று ஃபாதர் சொன்னதும் முழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பழைய தப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மறைக்கல்வி வகுப்பில் தலைமுறை தலைமுறையாக ஓடும் உவமை பனிக்கட்டி, தண்ணீர், நீராவி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதன்படி பார்த்தால் ஒரே ஆள்தான் மூன்று வேடம் போடுகிறார். அப்படியானால் கெத்சமனியில் இயேசு யாரிடம் மன்றாடினார்? யோர்தான் ஆற்றில் திருமுழுக்கின்போது மகன் தண்ணீரில் நிற்கிறார், தந்தையின் குரல் கேட்கிறது, ஆவியார் புறாவைப்போல் இறங்குகிறார். மூவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் சபெல்லியுஸ் என்பவர் இந்தப் பனிக்கட்டிக் கணக்கைத்தான் வேறு வார்த்தையில் சொன்னார். திருத்தந்தை கலிஸ்து அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். ஒரே மனிதர் வீட்டில் அப்பா, ஆபீசில் மேனேஜர், கோயிலில் பாடகர் என்று சொல்வதும் இதே தப்புதான்.

இரண்டாவது தப்பு ஆரியுஸ் என்ற அலெக்சாந்திரியக் குருவுடையது. மகன் பெரியவர்தான், ஆனால் படைக்கப்பட்டவர், தந்தைக்கு ஒரு படி கீழே என்றார். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்தார்கள். ஞாயிறுதோறும் நாம் சொல்லும் "உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்" அங்கிருந்து வந்தது. தூய ஆவியாரும் தந்தையோடும் மகனோடும் ஒன்றாக ஆராதிக்கப்படுகிறார் என்ற பகுதி 381-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தில் சேர்ந்தது.

மூன்றாவது தப்புக்குத் தனியாக ஒரு ஆள் தேவைப்படவில்லை, நாமே போதும். தந்தைக்குப் படைப்பு இலாகா, மகனுக்கு மீட்பு இலாகா, தூய ஆவியாருக்கு தியான இல்லத்து இலாகா என்று பிரித்துக் கொடுத்துவிடுவோம். வாயால் ஒரே கடவுள் என்போம், மனதில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மூன்று தப்பும் பங்கிலும் நடமாடுகின்றன. ஒரே மனிதர் வாசகர், பாடகர் குழுத் தலைவர், பங்குப் பேரவைச் செயலர், மைக் செட் பொறுப்பாளர் என்று எல்லாத் தொப்பியும் போட்டுக்கொள்ளும் பங்கு உண்டு. ஒரு மொழிக்காரர் முடிவெடுக்க, மற்றவர்களுக்கு அது அறிவிப்பாக வந்து சேரும் பங்கு உண்டு. ஒரே கட்டடத்தை மூன்று வாடகைதாரர்போல நேரம் பிரித்துப் பயன்படுத்தும் பங்கு உண்டு, ஏழு மணிப் பூசைக்காரருக்கு ஒன்பது மணிக்காரர் பெயர் தெரியாது. உங்கள் பங்கில் எந்த நோய் அதிகம் என்று முதலில் பாருங்கள். எங்கள் பங்கில் மூன்றும் உண்டு, மூன்றாவது கொஞ்சம் தூக்கல்.

சரி, மூவொரு இறைவன் எப்படி இருக்கிறார்? யோவான் நற்செய்தியை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று இடங்களைப் படியுங்கள். 5:19-இல் மகன் தாமாக எதையும் செய்வதில்லை, தந்தை செய்யக் காண்பதையே செய்கிறார். 5:22-இல் தந்தை தீர்ப்பு முழுவதையும் மகனிடம் கொடுத்துவிடுகிறார். 16:13-இல் ஆவியார் தாமாகப் பேசமாட்டார், கேட்பதையே பேசுவார். ஒவ்வொருவரும் மற்றவருக்கு வழிவிடுகிறார், ஆனால் யாரும் கரைந்து காணாமல் போவதில்லை. தந்தை மகன் ஆகிவிடுவதில்லை. மகன் இருப்பதால்தான் தந்தை தந்தை. பங்கில் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் நான் இந்த இரண்டில் வைத்துத்தான் பார்க்கிறேன்: வழிவிடுகிறோமா, கரைத்துவிடாமல் வழிவிடுகிறோமா.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடவுளைப் பார்த்துக் காப்பியடித்து பேரவைக்கு நிர்வாக வரைபடம் போடலாம் என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். நாம் வெளியே நின்று மூவரையும் பார்த்து வரைபவர்கள் இல்லை. திருமுழுக்கில் அந்த உறவுக்குள் சேர்க்கப்பட்டவர்கள். உள்ளே இருக்கிற பிள்ளைகள் வீட்டுப் பழக்கத்தைக் கற்றுக்கொள்வதுபோல மெல்லத்தான் வரும்.

பட்டியலில் தொடங்குங்கள்

மிக எளிதான இடம் இது, சீக்கிரம் முடித்துவிடலாம். வாசகர், பீடச்சிறுவர், காணிக்கை எடுப்போர், நற்கருணைப் பணியாளர், பாடகர் ஆகியோரின் மாதப் பட்டியலை எடுங்கள். ஒரே பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று வட்டம் போடுங்கள். ஒருவருக்கு ஒரு ஞாயிறில் ஒரு வேலைதான் என்று வையுங்கள். "ஆளில்லை" என்பார்கள். ஆள் இருக்கிறார்கள், கேட்கப்படாமல் இருக்கிறார்கள். பொறுப்பில் உள்ளவர் ஒவ்வொருவரும் இன்னொருவரைப் பழக்கித்தான் அடுத்த வருடப் பட்டியலில் பெயர் கொடுக்கலாம் என்று பேரவையில் ஒரு முடிவு எடுத்தால் போதும். புதியவர் வாசிக்கும்போது தடுமாறுவார். பழையவர் முன்வரிசையில் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கக் கூடாது, அதையும் சேர்த்து முடிவில் எழுதுங்கள்.

மூன்று மொழியும் ஒரு கோயிலும்

பெங்களூர்க் கத்தோலிக்கருக்கு மொழி ஆறாத புண் என்பது ஊருக்குத் தெரிந்த ரகசியம். நான் தமிழச்சி. என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இருந்தவர், தமிழ்ப் பூசைப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவர். ஆனாலும் சொல்கிறேன், கர்நாடகத்தில் கன்னடத்துக்கு உரிய இடத்தை நாம் முனகாமல் கொடுக்க வேண்டும். "கோயிலைக் கட்டியது எங்கள் தாத்தாக்கள், எண்ணிக்கையில் நாங்கள்தான் அதிகம்" என்பது பங்கில் எடுபடக்கூடாத வாதம். அதே நேரம், எல்லோரும் ஒரே மொழிக்கு மாறிவிட்டால் ஒற்றுமை வந்துவிடும் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். அது பனிக்கட்டிக் கணக்கு. வேறுபாட்டை அழித்துவிட்டு வருவதற்குப் பெயர் ஒற்றுமை இல்லை.

ஆகஸ்ட் 29-இல் சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவில் கொடியேறியதிலிருந்து செப்டம்பர் 8 தேர் வரைக்கும் போய்ப் பாருங்கள். காவிச் சேலை கட்டிய கூட்டத்தில் யார் தமிழ், யார் கன்னடம், யார் கத்தோலிக்கரே இல்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது. நெரிசலில் பக்கத்துக் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறார்கள், தண்ணீர் பாட்டில் கைமாறுகிறது. அங்கே முடிகிறது, நம் பங்கில் மட்டும் ஏன் முடியவில்லை? அங்கே யாரும் பதவிக்கு நிற்கவில்லை என்பதால் என்று நினைக்கிறேன்.

பங்குத் திருவிழாவுக்கும் பெரிய வியாழனுக்கும் மும்மொழித் திருப்பலி வைத்தால் இப்படிச் செய்யுங்கள்.

ஆயத்தக் கூட்டத்தை மூன்று மொழிக்காரரும் உள்ள ஒரே கூட்டமாகக் கூட்டுங்கள். தனித்தனியாகக் கூடிவிட்டு பிறகு பிரதிநிதிகள் பேரம் பேசினால் அது சொத்துப் பாகப்பிரிவினை ஆகிவிடும். எங்களுக்கு இரண்டு பாட்டு, உங்களுக்கு இரண்டு பாட்டு என்று கணக்கு வரும். ஒரு பாட்டின் முதல் சரணம் தமிழ், இரண்டாவது கன்னடம், மூன்றாவது ஆங்கிலம் என்று துண்டுபோடுவதும் வேண்டாம், யாராலும் முழுதாகப் பாட முடியாமல் போகும். ஒரு பாட்டு முழுதும் ஒரே மொழியில் இருக்கட்டும், மற்ற மொழிக்காரர் அதன் பல்லவியைக் கற்றுக்கொள்ளட்டும். கன்னடப் பாட்டைத் தமிழ் எழுத்திலும் தமிழ்ப் பாட்டைக் கன்னட எழுத்திலும் அச்சடித்துக் கொடுங்கள். அந்த ஒரு தாள் செய்கிற வேலையை பத்து மறையுரை செய்யாது.

பாடகர் குழுவைக் கலந்து நிறுத்துங்கள். கீபோர்டு ஒரு மொழிக்காரர் வசம் இருந்தால் ஒலிவாங்கி இன்னொரு மொழிக்காரர் வசம் இருக்கட்டும். ஒருவரையொருவர் பார்க்காமல் பாட முடியாது என்ற நிலை வரவேண்டும்.

மறையுரை ஒரே மொழியில், மற்ற இரண்டிலும் சுருக்கம் அச்சில். மூன்று மறையுரை வேண்டாம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் கைக்குழந்தைகள் புரட்சி செய்யும்.

விசுவாச அறிக்கையை அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் சொல்லச் சொல்லுங்கள். முதலில் இரைச்சலாக இருக்கும். தூய ஆவியார் இறங்கிய அன்று எருசலேமில் அவரவர் மொழியில் கேட்டதும் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் குடிகாரர் கூட்டமாகத்தான் தெரிந்தது. கன்னடமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே நேரத்தில் முடியாது. முன்னால் முடித்தவர்கள் மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும், எல்லோரும் முடித்தபின் ஆமென் ஒரே குரலில். இதை நான் வேண்டுமென்றே முதல் தடவை விளக்காமல் விடுவேன். ஆங்கிலக்காரர் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள், பின்னால் யாரோ இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழும். பக்கத்து வரிசைக்காரரும் இதே விசுவாசம் உள்ளவர் என்று பலருக்கு அப்போதுதான் உறைக்கும்.

இன்னொரு விஷயம் நம் வீட்டுப் பிள்ளைகள். தமிழ் பேசுவார்கள், ஆனால் பள்ளியில் கன்னடம் படிப்பதால் கன்னட எழுத்துதான் சரளம். செபங்களைக் கன்னட எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிவைத்துத்தான் தமிழில் சொல்கிறார்கள். இதைப் பெரியவர்கள் வெட்கக்கேடாகப் பேசுகிறார்கள். எனக்கு அது பாலமாகத் தெரிகிறது. அந்தப் பிள்ளைகளைக் கன்னடத் திருப்பலியில் வாசகராக்குங்கள். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை கன்னடத்தில் இறைவார்த்தை வாசிக்கும்போது இரண்டு பக்கமும் முகம் மாறும்.

விழாச் சாப்பாட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்காருவார்கள், அது தடுக்க முடியாத இயற்கை. உட்காரட்டும். பரிமாறுவதை மட்டும் மாற்றிப் போடுங்கள். தமிழ்க்காரர் பந்திக்குக் கன்னடக்காரர் பரிமாறட்டும்.

கடைசியாக, படிநிலை நோய்க்கு ஒரு சோதனை. பங்கிலேயே சிறிய குழு எது? மலையாளிகளோ கொங்கணியரோ இருக்கலாம், பல ஊர்களில் தமிழர்களே அப்படி இருக்கலாம். அவர்களுக்கு எந்த நேரம் கொடுத்திருக்கிறீர்கள்? மே மாதத்தில் மதியம் இரண்டு மணி என்றால் அவர்களை ஒரு படி கீழே வைத்திருக்கிறீர்கள். நேரத்தை ஆண்டுக்கொரு முறை சுழற்றுங்கள். சண்டை வரும், வந்தால் வரட்டும்.

அன்பியக் கூட்டம்

எங்கள் அன்பியம் லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்கு அந்தப்பக்கம். சொந்த வீட்டுக்காரர், ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர், கார்மெண்ட்ஸ் போகிற பெண்கள், கம்மனஹள்ளி பீஜியில் தங்கி ஐடி வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று கலவையாக இருக்கிறார்கள். கடவுள் உறவாக இருக்கிறார் என்பதை நம்புகிறவர்களுக்குப் பழகிப் பார்க்கக் கிடைத்த மிகச் சரியான அளவு இது. ஞாயிறு கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம், பன்னிரண்டு பேர் தரையில் உட்காரும் அறையில் முடியாது.

எங்கே கூடுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஹால் பெரியதாக இருக்கும் வீட்டிலேயே மாதாமாதம் கூடினால் அது அந்த வீட்டம்மாவின் அன்பியம் ஆகிவிடும். வீடு மாறவேண்டும், ஒற்றை அறை வீட்டுக்கும் போகவேண்டும். அதற்குத் தடை இடம் இல்லை, தின்பண்டம். ஒரு வீட்டில் சமோசாவும் ஜாமூனும் வைத்தால் அடுத்த வீட்டுக்காரர் பேக்கரியில் பஃப்ஸ் சொல்வார், அதற்கடுத்த வீட்டுக்காரர் "அன்றைக்கு நாங்கள் ஊருக்குப் போகிறோம்" என்பார். டீ, ரஸ்க், அவ்வளவுதான் என்று முதல் கூட்டத்திலேயே சட்டம் போடுங்கள். மீறுகிறவர் எவ்வளவு பிரியமானவராக இருந்தாலும் தட்டை உள்ளே கொண்டுபோகச் சொல்லுங்கள்.

நேரம் இரவு எட்டு மணி. கார்மெண்ட்ஸ் பெண்கள் வந்து சோறு வைத்துவிட்டு வர அதுதான் சரி. ஓய்வுபெற்றவர்களுக்கு ஆறு மணி வசதி. வசதி உள்ளவர்கள் வசதி இல்லாதவர்களுக்கு நேரத்தை விட்டுக்கொடுக்கட்டும்.

கூட்டத்துக்கு ஏழு படி நற்செய்திப் பகிர்வு நல்ல முறை. தென்னாப்பிரிக்காவின் லும்கோ மையத்தில் உருவாகி ஆசியத் திருச்சபையில் பரவியது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதைத் தொட்ட சொற்றொடரை உரக்கச் சொல்வது, அமைதி, பகிர்வது, என்ன செய்யலாம் என்று சேர்ந்து தேடுவது, மன்றாடுவது. நடைமுறையில் இரண்டு இடம் கெட்டுப்போகும். நான்காவது படியான அமைதியை யாராவது இருமி முடித்துவைப்பார்கள். ஆறாவது படி டீ வாசனையில் காணாமல் போகும். நான் ஆறாவது படி முடியாமல் அடுப்பில் பால் வைக்கவே விடுவதில்லை.

பகிர்வில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பேச வருபவர் தனக்கு முன் பேசியவர் சொன்ன ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் தன்னுடையதைச் சொல்ல வேண்டும். "விமலா அக்கா மகன் வேலை பற்றிச் சொன்னார்கள், அதைக் கேட்டபோது எனக்கு..." என்று. ஆவியார் கேட்பதையே பேசுவார் என்று படித்தோமே, அதற்கு இதுதான் பயிற்சி. இரண்டு நன்மை உண்டு. அடுத்து நாம் என்ன பேசலாம் என்று மனதுக்குள் தயார்செய்துகொண்டிருப்பவர்கள் காதைத் திறந்தாக வேண்டும். ஒரு வரிக்கு மேல் பேசாத கூச்சக்காரர்களின் அந்த ஒரு வரி இன்னொருவர் வாயில் திரும்ப வரும்போது, அடுத்த மாதம் அவர்கள் இரண்டு வரி பேசுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் பிரசங்கம் செய்யும் பெரியப்பா ஒருவர் எல்லா அன்பியத்திலும் இருப்பார். அவரை நிறுத்த வழி இல்லை, அவரையே நேரக் கண்காணிப்பாளர் ஆக்கிவிடுங்கள்.

ஆறாவது படியில் வரும் வேலை சிறியதாக இருக்கட்டும். 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றி டேங்கர் விலை ஏறியபோது எங்கள் தெருவில் சம்பு (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) உள்ள வீடுகளும் இல்லாத வீடுகளும் நற்கருணையில் ஒரே கிறிஸ்துவை வாங்கிவிட்டு வந்து தனித்தனியாகத் தண்ணீருக்கு அலைந்தோம். ஒரு கூட்டத்தில் ஆறாவது படியில் வந்த யோசனைதான் ஒரே டேங்கரைச் சேர்ந்து சொல்லி, சம்பு உள்ள வீட்டில் இறக்கி, குடத்தில் பகிர்வது. மாடி வீட்டு இந்துக் குடும்பமும் பணம் போட்டது. சம்பு கொடுத்த வீட்டில் இரண்டு நாள் வாசலில் ஈரம் காயவில்லை, அந்த அம்மாள் திட்டிக்கொண்டேதான் கொடுத்தார். திட்டினாலும் கொடுத்தார்.

கொடுப்பதும் வாங்குவதும்

ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை 1833-இல் பாரீசில் ஃபிரடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கியது. வீடு பார்க்கப் போகும்போது இருவராகப் போகும் வழக்கம் அவர்களுக்கு உண்டு, அதை விடாதீர்கள். தனியாகப் போகிறவர் கொடையாளி ஆகிவிடுவார். அரிசி வாங்கும் வீட்டாரை வாங்குபவராகவே வைத்திருக்காதீர்கள் என்பது நான் சேர்த்துச் சொல்வது. அவர்களிடமும் ஏதாவது கேளுங்கள், கைம்மாறாக அல்ல, அவர்கள் கையில் இருப்பது பங்குக்குத் தேவை என்பதால். எங்களிடம் உதவி பெற்ற ஒரு பெண் மல்லிகை கட்டுவதில் கெட்டிக்காரி. பீடத்துக்குச் சரம் அவர் கட்டுகிறார், அவரிடம் கற்றுக்கொள்ள மாடி வீட்டுப் பெண்கள் போகிறார்கள். தந்தை மகனுக்கு எல்லாவற்றையும் கொடுத்தும் தந்தைக்கு எதுவும் குறைவதில்லை, மகன் எல்லாவற்றையும் பெற்றும் சிறியவர் ஆவதில்லை. வாங்குவது கேவலம் என்ற எண்ணம் போனால்தான் இது பங்கில் நடக்கும்.

மன்றாட்டு எழுதுவது

சுருக்கமாகச் சொல்கிறேன். திருப்பலியின் மன்றாட்டுக்கள் பொதுவாகத் தந்தையை நோக்கி, மகன் வழியாக, ஆவியாரின் ஒன்றிப்பில் போகின்றன. "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும்போது கேட்பீர்கள். விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்றை இயேசுவுக்கும் ஒன்றை அன்னைக்கும் ஒன்றை அந்தோணியாருக்கும் எழுதினால் பின்னால் பதில் சொல்பவர்கள் குழம்புவார்கள். தந்தையை நோக்கியே எழுதுங்கள். திருச்சபை, நாடும் ஆட்சியாளரும், துன்புறுவோர், நம் பங்கு என்று நான்கு போதும். நான்காவதில் அந்த வாரம் தெருவில் நடந்தது இருக்கட்டும். அதைத் தமிழ்க்காரர் ஒருவர் எழுதினால் கன்னடக் குழுவின் தேவையைக் கேட்டு எழுதட்டும், அவர்கள் நம்முடையதை எழுதட்டும்.

பிள்ளைகளும் அக்கம்பக்கமும்

நாட்காட்டிப் படத்தில் வெள்ளைத்தாடி முதியவர், அவர் பக்கத்தில் இயேசு, மேலே புறா. பிள்ளைகள் அதைத் தாத்தா, அப்பா, புறா என்று புரிந்துகொள்கிறார்கள். நான் வகுப்பில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு, ரஷ்ய ஓவியர் ஆந்திரேய் ருப்லேவ் பதினைந்தாம் நூற்றாண்டில் வரைந்த ஓவியத்தின் பிரதியை மாட்டியிருக்கிறேன். தொடக்கநூல் 18-இல் ஆபிரகாமைத் தேடி வரும் மூவர் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள், முகங்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கின்றன, நடுவில் ஒரு கிண்ணம், நம்மைப் பார்த்த பக்கம் காலி. "யார் யார்?" என்று கேட்காதீர்கள், பிள்ளைகள் யூகித்தே நேரம் போகும். "காலி இடம் யாருக்கு?" என்று கேளுங்கள். அதற்கப்புறம் ஆபிரகாம் வெயிலில் ஓடுவதையும் சாரா அப்பம் சுடுவதையும் கன்று சமைப்பதையும் வாசித்துவிட்டு, இந்த வாரம் அவர்கள் வகுப்பில் புதிதாக வந்த பிள்ளையின் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று விசாரியுங்கள். புறாவைவிட இது மனதில் நிற்கிறது.

ஃபிரேசர் டவுனில் முஸ்லிம் நண்பர்கள் இல்லாத கிறிஸ்தவ வீடு குறைவு. "நீங்கள் மூன்று கடவுளை வணங்குகிறீர்களா?" என்று நட்போடு கேட்பார்கள். இல்லை, கடவுள் ஒருவரே என்பதை முதலில், தெளிவாகச் சொல்லுங்கள். இயேசு அவரைத் தந்தை என்று அழைத்தார், தம் ஆவியாரை எங்களுக்குத் தந்தார், அந்த உறவு கடவுளுக்குள்ளேயே எப்போதும் இருப்பது என்று நம்புகிறோம் என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். இந்து நண்பர்கள் மும்மூர்த்திகளோடு ஒப்பிடுவார்கள். சட்டென்று ஆமாம் போடவும் வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம், இரண்டும் வேறு வேறு நம்பிக்கைகள், இரண்டையும் அதனதன் வழியில் கேட்பதுதான் மரியாதை. மெட்ரோவில் எம்.ஜி. ரோட்டுக்கு அடுத்து "டிரினிட்டி" என்று அறிவிக்கும்போது பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். 1851-இல் ஆங்கிலேயப் படைக்காகக் கட்டிய ஹோலி டிரினிட்டி ஆலயத்தின் பெயர் அது, இன்று தென்னிந்தியத் திருச்சபையுடையது. ஒரு சனிக்கிழமை வகுப்பை அங்கே கூட்டிப்போய், இவர்களும் நாமும் ஒரே பெயரால் திருமுழுக்குப் பெற்றவர்கள் என்று சொல்லிக்கொடுக்கலாம். முன்கூட்டியே அந்த ஆலயத்தில் அனுமதி கேளுங்கள்.

விழா ஞாயிறுக்கு ஆயத்தம்

மூவொரு இறைவன் பெருவிழா மே 17-இலிருந்து ஜூன் 20-க்குள் வரும். 2026-இல் மே 31. பள்ளி திறக்கும் நேரம், மறைக்கல்வி ஆண்டும் அதை ஒட்டித்தான் தொடங்கும், பாதிக் குடும்பம் இன்னும் ஊரில் இருக்கும். அதனால் ஏப்ரலிலேயே தேதியைப் பேரவையில் பதிவு செய்யுங்கள். நற்செய்தி மூன்றாண்டுச் சுழற்சியில் வருகிறது: முதலாண்டு யோவான் 3:16-18, இரண்டாமாண்டு மத்தேயு 28:16-20, மூன்றாமாண்டு யோவான் 16:12-15. அந்த மாத அன்பியக் கூட்டத்தில் அதே பகுதியை ஏழு படியில் பகிருங்கள். அதில் வந்த இரண்டு மூன்று வரிகளை எழுதி விழாவுக்கு ஒரு வாரம் முன்பே ஃபாதரிடம் கொடுங்கள். கடற்கரைச் சிறுவனுக்குப் பதில் லிங்கராஜபுரத்து டேங்கர் மறையுரையில் வர வாய்ப்பு உண்டு. புதிய வாசகர், புதிய பாடகர் பட்டியலை அன்றிலிருந்து தொடங்குங்கள். வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பையும் அன்றைக்கே கைமாற்றிவிடுங்கள், அதைத்தான் யாரும் விடமாட்டார்கள்.